காலடியில் உடையும் வெண்பனி

பனி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மார்கழி மாதம்தான் நினைவுக்கு வரும். புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. விடியற்காலையில் சாலையை மறைக்கும் புகைபோன்ற மூட்டமும் பனி. குளிர்சாதனப் பெட்டியில் உறைந்து கிடப்பது பனிக்கட்டி. இமயமலையில் பஞ்சு பஞ்சாக வானிலிருந்து இறங்குவதும் பனியே. ஒரே சொல் இத்தனை வேலைகளைச் செய்வதால் குழப்பம் நேர்வதுண்டு. ஆகவே இக்கட்டுரையில், வானிலிருந்து படிகங்களாக விழுந்து தரையில் படிவதை 'வெண்பனி' என்றே குறிப்பிடுவோம்.

வெண்பனியே விழாத ஊரில் இருந்துகொண்டு அதைப்பற்றி ஏன் படிக்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் கல்லூரி மாணவர்கள் பலர் இப்போது விடுமுறைகளில் இமயமலைக்கு மலையேற்றம் செல்கிறார்கள். உங்களில் சிலரும் ஒரு நாள் செல்வீர்கள். வேறு சிலர் படையில் சேர்ந்து எல்லைக்குச் செல்லக்கூடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. சாய்தளம், ஆவியழுத்தம், வெப்பக் கடத்தல், கதிர்வீச்சு, மின்காந்தத் தூண்டல் என்று பாடப்புத்தகத்தில் தனித்தனி அதிகாரங்களில் கிடக்கும் செய்திகள் அனைத்தும் ஒரே மலைச்சரிவில் ஒன்றுகூடுவதை இங்கே காணலாம்.

உத்தரகண்ட் மாநிலத்தில் உத்தரகாசி என்றோர் ஊர் உள்ளது. அங்குள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு ஒன்று, 2022ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் 'திரௌபதி கா தண்டா' என்னும் சிகரப் பகுதியில் பனிச்சரிவில் சிக்கியது. மாணவர்களும் பயிற்றுநர்களுமாக 29 பேர் உயிரிழந்தனர். இறந்த பயிற்றுநர்களில் ஒருவரான சவிதா கன்ஸ்வால் அதே ஆண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்ட், மகாலு ஆகிய இரு சிகரங்களையும் 16 நாள் இடைவெளியில் ஏறி முடித்தவர். மலையை அறியாதவர்கள்தான் பனிச்சரிவில் சிக்குவார்கள் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வெண்பனியின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பில் இருப்பதில்லை. அது உள்ளே, நாம் பார்க்க முடியாத ஓர் அடுக்கில் இருக்கிறது. அந்த அடுக்கு எப்படி உண்டாகிறது என்பதே நம் பாடம்.

இரண்டு வகைச் சரிவுகள்

புதிதாக விழுந்த வெண்பனி உதிரியாக இருக்கும்போது, ஒரு புள்ளியில் சிறிதளவு நழுவி, போகப்போக அக்கம்பக்கத்துப் பனியையும் சேர்த்துக்கொண்டு விசிறிபோல் விரிந்து இறங்கும். மணற்குவியலின் ஓரத்தில் விரலால் தொட்டால் நிகழ்வது இதுதான். இவ்வகைச் சரிவு பெரும்பாலும் சிறியது. இதை இத்துடன் விட்டுவிடுவோம்.

உயிரைப் பறிப்பது இரண்டாவது வகை. மலைச்சரிவின் குறுக்கே திடீரென்று ஒரு நீண்ட பிளவு தோன்றும். அதற்குக் கீழேயுள்ள வெண்பனி முழுவதும் ஒரே பாளமாகக் கழன்று, தூள்தூளாக உடைந்தபடி கீழே பாயும். இதைப் பாளச் சரிவு என்போம். ஒரு பாளம் இப்படி வழுக்குவதற்கு மூன்று பொருள்கள் தேவை: ஓரளவு கெட்டியான மேலடுக்கு, அதன் அடியில் வலுவற்ற ஓர் அடுக்கு, போதிய சாய்வு. சாய்வைப் பார்த்துவிடலாம், மேலடுக்கைத் தொட்டுவிடலாம். நடுவிலுள்ள அந்த வலுவற்ற அடுக்குதான் கள்ளன்.

கள்ளன் பிறக்கும் கதை

இமயமலையில் குளிர்காலம் முழுவதும் ஓயாமல் பனி பொழிவதில்லை. மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கம் ஒன்று இரண்டு மூன்று நாட்கள் கொட்டிவிட்டுப் போகும். பிறகு பல நாட்கள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். அடுத்த கலக்கம் வரும்; அதன்மேல் இன்னோர் அடுக்கு விழும். எனவே மலைமீது படிந்துள்ள வெண்பனியை நெடுக்காக வெட்டிப் பார்த்தால், அந்தக் குளிர்காலத்தின் நாட்குறிப்பைப் போல அடுக்கடுக்காக இருக்கும். வெண்பனி ஆய்வாளர்கள் மண்வெட்டியால் குழி தோண்டி இந்த நாட்குறிப்பைத்தான் படிக்கிறார்கள்.

புதிதாக விழுந்த வெண்பனியின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 50 முதல் 100 கிலோகிராம். பனிக்கட்டியின் அடர்த்தியோ 917. அதாவது புதிய வெண்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று! காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே வெண்பனி, மலைக்குப் போர்த்திய கம்பளிபோலச் செயல்படுகிறது. வெளியே எத்தனை கடுங்குளிர் இருந்தாலும், அந்தக் கம்பளிக்கு அடியில் தரையை ஒட்டிய பகுதி பெரும்பாலும் 0 டிகிரி செல்சியசுக்கு அருகிலேயே இருக்கும்.

இப்போது ஒரு மீட்டர் தடிமனுள்ள வெண்பனியை எண்ணிப் பாருங்கள். அடியில் 0 டிகிரி. தெளிந்த இரவில் மேற்பரப்பு −20 டிகிரி. ஒரு மீட்டர் உயரத்தில் 20 டிகிரி வேறுபாடு. இங்கேதான் ஆவியழுத்தம் நுழைகிறது. பனிக்கட்டியிலிருந்தும் நீராவி வெளியேறும். உருகாமலே ஆவியாகும் இந்நிகழ்ச்சியைப் பதங்கமாதல் என்கிறோம். பனிக்கட்டியின் மேலுள்ள தெவிட்டிய ஆவியழுத்தம் 0 டிகிரியில் 611 பாஸ்கல். −10 டிகிரியில் 260. −20 டிகிரியில் 103 மட்டுமே. பத்துப் பத்து டிகிரிக்குப் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது பாருங்கள். அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஆவி நகரும். ஆகவே வெண்பனிக்குள் ஓசையின்றி ஓர் ஏற்றுமதி நடக்கிறது. கீழே உள்ள மணியின் மேற்புறத்திலிருந்து ஆவி கிளம்பி, அதற்கு மேலுள்ள சற்றே குளிர்ந்த மணியின் அடிப்புறத்தில் படிகமாகப் படிகிறது. அந்த மணியின் மேற்புறம் அதற்கு மேலுள்ளதற்குக் கொடுக்கிறது. கிணற்றிலிருந்து வரிசையாகக் கைமாற்றிக் குடம் ஏற்றுவதுபோல என்று கொள்ளுங்கள்.

இந்தக் கைமாற்றம் வேகமாக நடந்தால் என்ன ஆகும்? அருகருகே ஒட்டிக்கொண்டிருந்த சிறு மணிகளின் இணைப்புகள் கரைந்துபோகும். அவற்றின் இடத்தில் பட்டைகளும் கூர்முனைகளும் உள்ள பெரிய படிகங்கள் வளரும். கையில் அள்ளினால் இவை ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரையைப்போல விரலிடுக்கில் உதிரும். இதற்குச் 'சர்க்கரைப் பனி' என்றே பெயர். உருண்டை பிடித்துப் பாருங்கள், நிற்காது. இப்படிப்பட்ட சர்க்கரைப் படுகையின்மேல்தான் அடுத்தடுத்த பொழிவுகள் எல்லாம் வந்து அமர்கின்றன.

ஒரு மீட்டருக்கு 10 டிகிரிக்கு மேல் வெப்பநிலை வேறுபாடு இருந்தால் சர்க்கரைப் பனி வளரத் தொடங்கும் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணக்கு. வேறுபாடு அதற்குக் குறைவாக இருந்தால் நேர்மாறாக நடக்கும்; மணிகள் உருண்டையாகி, தொடும் இடங்களில் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் இணைந்து, வெண்பனி வலுப்பெறும். இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு கிடைக்கிறது. மேலே சொன்ன அதே இரவில் வெண்பனி ஒரு மீட்டருக்குப் பதில் 40 செ.மீ. மட்டுமே இருந்தால், வேறுபாடு மீட்டருக்கு 50 டிகிரி ஆகிவிடும் அல்லவா? ஆகவே குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லிதாகப் பெய்து, பிறகு வாரக்கணக்கில் வானம் தெளிந்திருந்தால், அந்த ஆண்டு அடித்தளமே கெட்டது என்று பொருள். 'இவ்வாண்டு வெண்பனி குறைவு, எனவே பயமில்லை' என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

ஊட்டியில் ஒரு காட்சி

வலுவற்ற அடுக்கு மேற்பரப்பிலும் உண்டாவதுண்டு. இதைப் பார்க்க இமயமலைக்குப் போகவேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகமண்டலத்தை அடுத்த தலைக்குந்தா புல்வெளிக்கு விடியுமுன் சென்றால், புற்கள் வெள்ளை பூசியதுபோல் நிற்பதைக் காணலாம். மேகமற்ற இரவில் புல், தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள நீராவி நேரே படிகமாக அதன்மேல் படிகிறது. இதுதான் உறைபனி.

இதே செயல் வெண்பனிப் பரப்பின்மேல் நிகழும்போது, ஒன்று இரண்டு செண்டிமீட்டர் உயரத்துக்குக்கூட இறகுபோன்ற படிகங்கள் நெருக்கமாக வளர்ந்து நிற்கும். காலை வெயிலில் அவை மின்னும் அழகைச் சொல்லி முடியாது. வெயிலோ காற்றோ அவற்றை அழித்துவிட்டால் கவலையில்லை. அழிக்குமுன் அடுத்த பொழிவு வந்து மூடிவிட்டால், சீட்டுக்கட்டை நிற்கவைத்து அதன்மேல் பலகை வைத்ததுபோன்ற நிலை ஏற்படுகிறது. நிழலான, குளிர்ந்த வடக்கு நோக்கிய சரிவுகளில் இவ்வடுக்கு வாரக்கணக்கில் வலுப்பெறாமல் காத்திருக்கும்.

மேலே அமரும் பாளத்தைக் கட்டுவதில் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. காற்று மலைமுகட்டின் ஒருபுறமிருந்து வெண்பனியை வாரி, மறுபுறத்தில் கொட்டுகிறது. வாரும்போது படிகங்களின் கிளைகள் முறிந்து தூளாகின்றன. கொட்டும்போது அத்தூள் நெருக்கமாகப் படிந்து இறுகுகிறது. இட்லிமாவு ரவைக்கும் சன்னமாக அரைத்த மாவுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் கேட்டுப் பாருங்கள், விளங்கும். முகட்டின் விளிம்பில் கூரை இறவாணம்போல வெண்பனி நீட்டிக்கொண்டிருந்தால், எந்தப்பக்கம் கொட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தொலைவிலிருந்தே அறியலாம். இறவாணம் நீண்டிருக்கும் பக்கமே ஆபத்தான பக்கம். காற்றால் இறுகிய வெண்பனியில் கால் புதையாது. நடக்க வசதியாக இருக்கும். அந்த வசதியே பலரை ஏமாற்றியிருக்கிறது.

சற்றே கணக்கு

சாய்வு 30 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் பாளம் நழுவுவது அரிது. 55, 60 டிகிரிக்கு மேல் வெண்பனி தங்குவதே இல்லை. விழவிழச் சிறுசிறு பொழிவாக உதிர்ந்துவிடும். இடைப்பட்ட பகுதியில், குறிப்பாக 38 டிகிரியை ஒட்டிய சாய்வுகளில்தான் பெரும்பாலான பாளச் சரிவுகள் நிகழ்கின்றன. உங்கள் பள்ளி மாடிப்படியில் படியின் உயரம் 15 செ.மீ., அகலம் 25 செ.மீ. என்றால் அதன் சாய்வு 31 டிகிரி. அளந்து பாருங்கள். பனிச்சரிவு செங்குத்தான பாறை முகத்தில் நிகழ்வது என்ற எண்ணம் அத்துடன் போய்விடும்.

38 டிகிரிச் சாய்வில் அரை மீட்டர் தடிமனும், கனமீட்டருக்கு 200 கிலோகிராம் அடர்த்தியும் உள்ள பாளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் அதன் நிறை 100 கிலோகிராம். எடை 980 நியூட்டன். சாய்தளத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் கூறு, 980ஐ சைன் 38ஆல் பெருக்க, சுமார் 600 நியூட்டன். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 60 கிலோ எடைக்குச் சமமான இழுவை இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கிறது. வலுவற்ற அடுக்கு அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. 50 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமுமான பாளம் என்றால் மொத்த நிறை 200 டன். பத்து டன் சுமை ஏற்றிய இருபது லாரிகளின் சரக்கு. இது மிகச் சிறிய பாளம் என்பதை மறக்கவேண்டாம்.

தாங்கிக்கொண்டிருப்பதை எது கெடுக்கிறது? புதிய பொழிவின் எடை கெடுக்கலாம். காற்று கொண்டுவந்து சேர்க்கும் சுமை கெடுக்கலாம். திடீர் வெயில் அல்லது மழை கெடுக்கலாம். ஆனால் மலையேறுவோர் உயிரிழந்த பனிச்சரிவுகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் சரிவைக் கிளப்பியவர் இறந்தவரோ அவருடைய குழுவினரில் ஒருவரோதான் என்று தெரியவந்தது. இது அச்சுறுத்தும் செய்தியா, ஆறுதல் தரும் செய்தியா? நான் ஆறுதல் என்றே சொல்வேன். நாம் கிளப்புவதை நாம் தவிர்க்கவும் முடியும்.

இங்கே ஒரு கட்டுக்கதையைத் தீர்த்துவிடுவோம். உரக்கக் கத்தினால் பனிச்சரிவு உண்டாகும் என்று பலரும் நம்புகிறார்கள். படக்கதைகளில் அப்படித்தான் வரும். ஒருவர் தொண்டை கிழியக் கத்தினாலும் அருகில் உண்டாகும் ஒலியழுத்தம் 2 பாஸ்கலைத் தாண்டுவது அரிது. பைச்சுமையுடன் 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலை ஊன்றும்போது பாதத்தின்கீழ் உண்டாகும் அழுத்தமோ ஏறத்தாழ 30,000 பாஸ்கல். எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள். திரைப்படக் கதாநாயகர்கள் காஷ்மீர் மலைகளில் எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம். சரிவான இடத்தில் ஆடாமல் இருந்தால் சரி.

காலின் அழுத்தம் ஆழம் செல்லச்செல்லப் பரவிக் குறையும். ஆகவே பாளம் தடித்த இடத்தில் நடந்தால் அடியிலுள்ள அடுக்குக்கு நாம் வந்ததே தெரியாது. பாறை முனைகளின் அருகிலோ விளிம்பிலோ பாளம் மெலிந்திருக்கும் இடத்தில் கால் வைத்தால், சர்க்கரைப் படுகையின் ஒரு சிறு பகுதி நொறுங்கி உட்காரும். சில மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த இடத்துச் சுமை பக்கத்துப் பகுதிக்கு மாறுகிறது, அதுவும் நொறுங்குகிறது, அடுத்தது, அடுத்தது என்று முறிவு படுகை நெடுகப் பரவுகிறது. சமதளத்தில் இப்படி நிகழும்போது 'வும்ப்' என்று தரை அமுங்கும் ஓசை கேட்கும். முறிவு நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடியதாக அளந்திருக்கிறார்கள். சாய்வில் நிகழ்ந்தால் பாளம் கழன்றுவிடும். சரிவின் அடிவாரத்தில் சமதளத்தில் நடப்பவர்கூட மேலே உள்ள பாளத்தைத் தம் தலைமேல் இறக்கிவிட முடியும் என்பது இதனால்தான்.

முன்னே ஒன்பது பேர் நலமாகக் கடந்துவிட்டார்கள், நான் பத்தாவது ஆள், எனக்கென்ன என்ற வாதம் ஏன் தவறு என்பதும் இப்போது புரிந்திருக்கும். ஒன்பது பேரும் தடித்த இடத்தில் மிதித்திருக்கலாம். காலடித்தடம் ஒருவர் போனதற்குச் சான்று, பாதுகாப்புக்குச் சான்றன்று.

வெண்பனி பேசும் மொழி

குழி தோண்டிப் பார்க்கத் தெரியாதவருக்கும் வெண்பனி சில அடையாளங்களைக் காட்டுகிறது. பக்கத்துச் சரிவுகளில் அண்மையில் பாளம் இறங்கிய வடு தெரிகிறதா? 'வும்ப்' ஓசை கேட்டதா? கால் வைத்த இடத்திலிருந்து கண்ணாடி விரிசல்போல் பிளவு ஓடியதா? கடந்த ஒரு நாளில் 30 செ.மீ. அளவுக்கு, அதுவும் பலத்த காற்றுடன், பொழிந்ததா? வெப்பநிலை திடுமென உயர்ந்ததா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவிலும், அதன் அடிவாரத்திலும் நிற்கக்கூடாது. கூடாரம் அடிப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

குழி தோண்டுவோர் செய்யும் ஒரு சோதனை எளிமையானது. 30 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் ஒரு தூணைச் சுற்றிலும் வெட்டித் தனிப்படுத்தி, அதன் தலையில் மண்வெட்டியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து முறை, பிறகு முழங்கையிலிருந்து பத்து முறை, பிறகு தோளிலிருந்து பத்து முறை தட்டுவார்கள். எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில், எவ்வளவு வழவழப்பாகத் தூண் அறுந்து நழுவுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். மணிக்கட்டுத் தட்டிலேயே அறுந்தால் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு திரும்பவேண்டியதுதான்.

சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்னும் மலையில் 1936ஆம் ஆண்டிலிருந்து வெண்பனியை அளந்து ஆராய்ந்து வருகிறார்கள். நம் நாட்டில் 1969இல் மணாலியில் இதற்கென ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020இல் அது வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் என்ற பெயரில் சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு, இமயமலைக்கான பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.

ஐரோப்பாவில் 1993 முதல் ஆபத்தை ஐந்து நிலைகளாகக் கூறும் முறை வழக்கில் உள்ளது. ஒன்று மிகக் குறைவு. ஐந்து மிக அதிகம். சுவிட்சர்லாந்தில் உயிரிழப்புகளில் ஏறத்தாழப் பாதி மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்ட நாட்களில் நிகழ்பவை. ஐந்தில் மூன்று என்றதும் 'நடுத்தரம்தானே' என்று கிளம்பிவிடுகிறார்கள்! நான்கு, ஐந்து என்றால் எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். நூற்றுக்கு அறுபது மதிப்பெண் வாங்கினால் தேர்ச்சி என்று பழகிய மனம், இந்த அளவுகோலையும் அப்படியே படிக்கிறது போலும்.

புதைந்தவரை மீட்டல்

கிளம்பிய பாளம் சில நொடிகளில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிடும், ஓடித் தப்பலாம் என்பது வீண் ஆசை. அது நிற்கும் கணத்தில் இன்னொரு கொடுமை நேர்கிறது. உருண்டுவரும்போது மணிகள் உராய்ந்து சற்றே சூடேறி, நின்றதும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. சிமென்ட் இறுகியதுபோல் ஆகிவிடுவதால் புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது.

இறுகிய அந்த வெண்பனியிலும் பாதிக்கு மேல் காற்றுதான். அப்படியிருக்க ஏன் மூச்சுத்திணறல் ஏற்படுகிறது? வெளிவிட்ட மூச்சு அகலப் போக வழியில்லாமல் முகத்தருகே தங்குகிறது. அதிலுள்ள கரியமிலவாயுவையே திரும்பத்திரும்பச் சுவாசிக்க நேர்கிறது. மூச்சின் ஈரமும் வெப்பமும் முகத்தைச் சுற்றியுள்ள வெண்பனியை உருக்கி மீண்டும் உறையவைத்து, காற்றுப் புகாத பனிக்கட்டி முகமூடி ஒன்றைச் செய்துவிடுகின்றன. பத்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரம் ஆகிவிட்டால் பத்துக்கு மூன்று பேரே. சுற்றிலும் வெற்றிடம் இருந்தால் கதை மாறும். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தரகண்டின் மாணா கிராமத்தருகே எல்லைச் சாலைப் பணியாளர் 54 பேர் பனிச்சரிவில் சிக்கினர். 46 பேர் மீட்கப்பட்டனர். 8 பேர் இறந்தனர். அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கொள்கலன் அறைகளுக்குள் இருந்த காற்றும் பலரைக் காத்தது.

மலையில் கொள்கலன் ஏது? பத்து நிமிடத்துக்குள் எந்த ஊரிலிருந்தும் மீட்புப்படை வந்து சேராது. உடன் வந்தவர்களே தோண்டவேண்டும். எங்கே தோண்டுவது என்று தெரியவேண்டும். அதற்காக ஒவ்வொருவரும் மார்பில் கட்டிக்கொள்ளும் சிறு கருவி ஒன்று உள்ளது. 1968இல் அமெரிக்காவில் ஜான் லாட்டன் என்பவர் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். இன்று உலகெங்கும் இது 457 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. நடக்கும்போது எல்லோருடைய கருவியும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றுவார்கள்.

இது வானொலிபோன்றது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 457 கிலோஹெர்ட்சின் அலைநீளம் சுமார் 656 மீட்டர். தேடும் தொலைவோ 40, 50 மீட்டர்தான். அலை உருப்பெறும் முன்பே நாம் அருகில் நிற்கிறோம். உண்மையில் இங்கே வேலை செய்வது ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல். புதைந்தவரின் கருவியிலுள்ள கம்பிச்சுருள், சட்டக் காந்தத்தைப்போலக் காந்தவிசைக் கோடுகளைப் பரப்புகிறது. தேடுபவரின் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. இரும்புத்தூள் தூவிப் பார்த்த அந்தக் கோடுகள் வளைந்தவை அல்லவா? ஆகவே தேடுபவரும் நேர்கோட்டில் செல்லாமல் வளைந்த பாதையில்தான் நெருங்குவார். புலத்தின் வலிமை தொலைவின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் மாறும். தொலைவு பாதியானால் குறிப்பு எட்டு மடங்காகும். நெருங்கியதும் மடக்குக் குச்சியால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்டுவார்கள். கருவி, குச்சி, மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும். மண்வெட்டி முழுவதும் ஒரே ஆளின் பையில் இருந்து, அவரே புதைந்துவிட்டால் என்ன செய்வது? சரிவைக் கடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக, ஒரு நேரத்தில் ஒருவரே செல்வதும், மற்றவர் பாதுகாப்பான இடத்திலிருந்து அவர்மேல் கண் வைத்திருப்பதும் இதே கணக்கை ஒட்டியவை.

மேசைமேல் ஒரு மலைச்சரிவு

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை. ஒன்றரை அடி நீளமுள்ள பலகை ஒன்றின்மேல் மெல்லிய உப்புத்தாளை ஒட்டுங்கள். அதன்மேல் அரிசிமாவைச் சல்லடையால் அரை செண்டிமீட்டர் உயரத்துக்குச் சலித்து, அட்டையால் மெதுவாக அழுத்துங்கள். பலகையின் ஒரு முனையைச் சிறிதுசிறிதாக உயர்த்துங்கள். ஒரு கோணமானியின் நடுவில் நூலில் கட்டிய சிறு கல்லைத் தொங்கவிட்டுப் பலகையின் விளிம்போடு பொருத்திவைத்தால் சாய்வைப் படிக்கலாம். மாவு எந்தக் கோணத்தில் நழுவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பலகையைத் துடைத்து, முதலில் சர்க்கரையை ஒரே சீராகத் தூவி, அதன்மேல் முன்போலவே மாவைச் சலித்து அழுத்தி, மறுபடியும் உயர்த்துங்கள். இம்முறை நழுவும் கோணம் முன்னதைவிடக் குறைகிறதா? மாவின் மேல்விளிம்பில் குறுக்குப் பிளவு விழுகிறதா, அல்லது உதிரியாகச் சொரிகிறதா? மூன்றாவது முறை, நழுவும் கோணத்துக்கு இரண்டு டிகிரி முன்பே நிறுத்திக்கொண்டு, பென்சில் முனையால் மாவை ஓரிடத்தில் மெல்லத் தட்டுங்கள். மாவு தடித்த இடத்தில் ஒருமுறையும் மெலிந்த இடத்தில் ஒருமுறையும் தட்டி, இரண்டையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். சர்க்கரையை மட்டும் வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.